படிக்கு ஒரு பிடி

எங்கள் வீட்டில் அரிசி அளந்தால் படிக்கு ஒரு பிடி சேர்த்துப் போடுவோம். தலைதட்டி அளந்து பானையில் கொட்டிய பிறகு கை மறுபடியும் மூட்டைக்குள் போகும், ஒரு பிடி அள்ளிவரும். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி ஏன் என்று கேட்டாள். பெரியம்மா அப்படித்தான் அளப்பாள் என்றேன். அதற்கு மேல் எனக்கு அப்போது தெரியாது. விளிம்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு உள்வாங்கிப்போன அந்தப் பித்தளைப் படி இப்போது என்னிடம் இருக்கிறது. புளி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கிவிடும்.

படியை நினைத்தால் கூடவே தையல் மிஷின் சத்தமும் வந்துவிடுகிறது. கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பெரியப்பாவின் அரிசி ஆலையும் வீடும் ஒரு சாரி. எதிர்ச் சாரியில் தையல்கடை. மாலை ஆறு மணிக்கு ஆலையில் பெல்ட் நிற்கும். கொஞ்ச நேரத்தில் எதிரே மிஷின் நிற்கும். தையல்கடை மாமா தெருவைக் கடந்து வந்து எங்கள் திண்ணையில் உட்காருவார். பெரியப்பா உடம்பில் கதர், மாமாவின் வேட்டியில் கறுப்பு சிவப்புக் கரை. பெரியம்மா இரண்டு தம்ளர் காப்பியை வைத்துவிட்டு நிலைப்படிக்கு உட்புறமாக உட்கார்ந்து கொள்வாள். நான் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாலே எட்டில் கடந்துவிடக்கூடிய அந்தத் தெருவைக் கடக்க மாமாவுக்குப் பத்து வருஷம் ஆகியிருந்தது. 1967 தேர்தலில் பேச்சு நின்றது. 1977 தொடக்கத்தில் சிறையிலிருந்து வந்த மறுநாள்தான் முதல்முறையாகத் திண்ணை ஏறினார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தாடியோடு, இளைத்துப்போய் வந்து நின்றார். பெரியப்பா எழுந்து நின்றார். இருவருக்கும் எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"அண்ணே, அரிசிக் கணக்கு எவ்வளவு ஆச்சு?" என்றார் மாமா.

"படிக் கணக்கு நான் வச்சுக்கல தம்பி. உக்காரு."

1976 ஜனவரி 31ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கைதுகளில் மாமாவும் போனார். அந்த ஒரு வருஷமும் அவர் வீட்டு அடுப்பு எங்கள் ஆலை அரிசியில் எரிந்திருக்கிறது. பெரியப்பா காமராஜர் பக்கம் நின்ற காங்கிரஸ்காரர். காமராஜர் 1975 அக்டோபர் 2ஆம் தேதி போன பிறகு அவருக்குக் கட்சி என்று ஒன்று மிச்சமில்லை. கதர் மட்டும் இருந்தது. அவர் அரிசி அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த இருபது வருஷம் அந்தத் திண்ணையில் அவர்கள் பேசியதில் முக்கால்வாசி கணக்குதான். தலைவர்களைப் பற்றி மெதுவாகத்தான் பேசுவார்கள், அடிபட்ட இடத்தைத் தொடுவதுபோல. ஆனால் ஏன் அந்த முடிவு எடுத்தார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் தலையில் விழுந்தது என்று வரும்போது இருவர் குரலும் உயர்ந்துவிடும்.

மாமாவுக்கு அந்தப் பாடம் கொழும்பில் தொடங்கியது. பதினைந்து வயதில் புறக்கோட்டையில் ஒரு தையல்கடையில் காஜா எடுக்கும் பையனாக இருந்தார். அங்கே கூப்பன் அரிசி 25 சதத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1953இல் ஒரேயடியாக 70 சதம் ஆக்கினார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால். கடையை இழுத்துச் சாத்திவிட்டு மாடிச் சன்னல் வழியாகப் பார்த்ததை மாமா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆள் இல்லாத தெரு, தூரத்தில் துப்பாக்கிச் சத்தம். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகிவிட்டார்.

"நாற்பத்தஞ்சு சதம் அண்ணே. அதைத் தாங்க முடியல அவங்களால."

பெரியப்பா அதற்குள் நுழைந்து பார்ப்பார். கொரியப் போர் நடந்தபோது ரப்பருக்கு நல்ல விலை. போர் தணிந்ததும் ரப்பர் இறங்கிவிட்டது, அரிசி ஏறி நின்றது. ரப்பர் விற்று அரிசி வாங்குகிற நாடு என்ன செய்யும்? மானியம் கஜானாவைத் தின்றது, வெட்டினார்கள், வீழ்ந்தார்கள். அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் அதே அரசாங்கம், கம்யூனிஸ்டு என்றால் முகம் சுளிக்கிற அரசாங்கம், செஞ்சீனாவோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. இங்கிருந்து ரப்பர் போகும், அங்கிருந்து அரிசி வரும். அமெரிக்கா கோபித்துக்கொண்டும் நிறுத்தவில்லை. இதைச் சொல்லும்போது பெரியப்பாவின் கை தன்னையறியாமல் அரிசியை முறத்தில் புடைப்பதுபோல அசையும். "கொள்கை எல்லாருக்கும் இருக்கு தம்பி. உலையில தண்ணி கொதிக்கும்போது அது கொஞ்சம் நகந்து உக்காந்துக்கும்."

எங்கள் பக்கத்தில் உலை கொதித்தது 1965இலும் 1966இலும். இரண்டு வருஷமும் பருவமழை பொய்த்தது. தஞ்சாவூர் சீமையில் நெல் இருந்தது. ஆனால் அது இருந்ததுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. லெவி என்று ஆலைகளிலிருந்து அரசு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நெல் வெளியே போகாமல் சாவடி போட்டார்கள். இந்திய உணவுக் கழகம் 1965இல் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகமே தஞ்சாவூரில்தான் வந்தது. ஆலையில் எந்நேரமும் இருப்புப் பதிவேடு தயாராக இருக்க வேண்டும். எந்த மூட்டை எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். அவித்த நெல் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும், அதையும் வந்து மதிப்புப் போடுவார்கள். பெரியப்பா ஒரு பிடி அரிசிகூடக் கணக்கில்லாமல் வெளியே போகக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். சொந்தக் கட்சி போட்ட சட்டம். மீறினால் அவருக்கு அவரே முகம் கொடுக்க முடியாது.

அந்த நாட்களில் கொல்லைப்புறக் கதவைத் தட்டி, முந்தானைக்குள் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு, நொய் இருந்தாலும் போதும் என்று கேட்டு வந்த பெண்களைப் பற்றிப் பெரியம்மா பின்னாளில் சொல்லியிருக்கிறாள். சில பேர் கேட்கக்கூட மாட்டார்களாம், கிணற்றடியில் வந்து சும்மா நிற்பார்களாம்.

"எங்க ஆளுங்க கெட்டவங்க இல்ல தம்பி. அரிசி இல்ல, அவ்வளவுதான்" என்பார் பெரியப்பா. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி கப்பல் கப்பலாகக் கோதுமை. 1966இல் மட்டும் நாட்டுக்குள் இறங்கிய தானியம் சுமார் ஒரு கோடி டன். அடுத்த கப்பல் புறப்படலாமா என்று அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் தானே பார்த்துத்தான் அனுமதி கொடுப்பார். அந்த ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76க்கு வாங்கிய டாலர் 7.50 ஆயிற்று. கட்சித் தலைவராக இருந்த காமராஜருக்கு அதில் கடுங்கோபம். குறைத்தால் வரும் என்று நம்பிய உதவியும் நம்பிய அளவுக்கு வரவில்லை. அடுத்த மாதமே இந்திரா காந்தி மாஸ்கோவில் நின்று வியட்நாமில் குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். வாஷிங்டனில் கோதுமைக் கயிற்றை இன்னும் இறுக்கினார்கள்.

இந்த இடம் வந்தால் மாமா எதிர்த்துப் பேச மாட்டார். சுயமரியாதை பேசி வளர்ந்தவருக்கு அந்தக் கயிறு யார் கழுத்தில் இருந்தாலும் வலிக்கும். "அந்தம்மா அன்னைக்குச் சொன்னது சரிதான் அண்ணே. என்னைய உள்ள போட்டவங்கதான். ஆனா அன்னைக்குச் சொன்னது சரி."

ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அண்ணா சொன்ன அந்த வாக்கு எங்கள் தெருவுக்கு மாமாவின் கையில்தான் வந்தது. ஒரு மூங்கில் கழியின் உச்சியில் பளபளவென்று துலக்கிய பித்தளைப் படியைக் கட்டி, முன்னால் அவர் ஏந்தி வர, பின்னால் ஊர்வலம். ஆலை வாசலில் நின்று கோஷம் போட்டார்கள். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எந்தப் படி தம்பி? நம்ம ஊர்ப் படியா, பட்டணம் படியா?" என்று கேட்டாராம். பட்டணம் படி பெரிது, அதனால் அது நியாயமான கேள்வி. பதில் வருமுன் எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் கல் எறிந்தான். கல் படியில் பட்டுக் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். பிறகு தள்ளுமுள்ளு. அன்றோடு பேச்சு நின்றது.

தேர்தலில் தி.மு.க. 137 இடம் பிடித்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். அந்த எண்ணைப் பெரியப்பா கடைசிவரை மறக்கவில்லை. பேரன் பேத்திகளின் பிறந்தநாள்கூடத் தவறும், 1,285 தவறாது. கட்டுப்பாடே கூடாது என்ற ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, ரூபாய்க்குப் படியரிசி போடுவோம் என்ற தி.மு.க.வோடு அந்தத் தேர்தலில் ஒரே பக்கம் நின்றது. 1952இல் முதலமைச்சராக வந்ததும் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தவர் அதே ராஜாஜி. அன்று ஆலைக்காரர்கள் அவரைக் கும்பிட்டார்கள்.

"நாங்க அரிசியில தோத்தோம்" என்று பெரியப்பா முடிப்பார்.

அதற்கு மட்டும் மாமா ஒத்துக்கொண்டதே இல்லை. "வயிறு மட்டும்தான்னு சொல்லாதீங்கண்ணே. 64ல திருச்சியில இந்தியை எதிர்த்துச் சின்னசாமி தன்னையே கொளுத்திக்கிட்டாரே, அவர் அரிசிக்கா செத்தாரு? 65ல நாங்க அடி வாங்கினது அரிசிக்கா?" அவர் குரல் நடுங்கும். பெரியப்பா தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு இன்றுவரை மாமா சொன்னதுதான் சரி என்று படுகிறது. பசியோடு இருக்கிறவனிடம் உன் மொழியும் இரண்டாந்தரம் என்று சொன்னால் இரண்டும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். அரிசி விலை மட்டும் ஏறியிருந்தால் காங்கிரஸ் சில இடங்களை இழந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் அது அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் எழவே இல்லை.

பெரியப்பாவை வாட்டியது வேறொன்று. அப்போது டெல்லியில் உணவு மந்திரி சி. சுப்பிரமணியம், நம் தமிழ்நாட்டுக்காரர். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை 1966இல் தருவித்தார். எதிர்ப்பு எவ்வளவோ. இங்கே ஆடுதுறையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27 நெல் ரகம் குறுவை வயல்களில் பரவிக்கொண்டிருந்தது. 1967 பிப்ரவரியில் அவரையும் மக்கள் தோற்கடித்தார்கள். 1968இல் வடக்கே கோதுமை குவிந்து, பள்ளிக்கூடங்களைக்கூட கிடங்காக்க வேண்டியிருந்தது. "மழை ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா?" என்பார். "விதைச்சவன் வீட்டுக்குப் போயிட்டான் தம்பி. பயிருக்கு ஒரு மாசக்கணக்கு, தேர்தலுக்கு ஒரு மாசக்கணக்கு. ரெண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாதுன்னு தெரிஞ்ச பிறகு எவன் விதைப்பான்?"

அந்தக் கேள்விக்கு மாமாவிடம் பதில் இல்லை. அவரிடம் வேறொரு காயம் இருந்தது. ஒரு படி நிச்சயம் என்ற வாக்கை அண்ணா காப்பாற்றினார், 1967இலேயே. ஆனால் சென்னையிலும் கோவையிலும் மட்டும். மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோகக் கஜானாவில் பணம் இல்லை. கழியில் படியைக் கட்டி எடுத்துப்போன தெருவில், "எங்க படி எங்கே தம்பி?" என்று வயதான பெண்கள் மாமாவைக் கேட்டார்கள். அளவு எடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். ரவிக்கைத் துணியை நீட்டிக்கொண்டே கேட்டார்கள். அவர் கடையின் முன்பக்கப் பலகையைப் பாதி சாத்தி வைத்துத் தைத்த காலம் உண்டு. அப்போது எதிரே உட்கார்ந்திருந்த பெரியப்பா, பேச்சு இல்லாத காலத்திலும், அதைச் சொல்லி ஒரு நாளும் குத்தவில்லை. மாமா அதை நினைவில் வைத்திருந்தார்.

பட்டணத்தில் அரிசி மலிந்தால் அந்த வித்தியாசத்தை யாரோ கட்டியாக வேண்டும். குறைந்த விலைக்கு நெல் கொடுக்கிற விவசாயி கட்ட வேண்டும், அல்லது கஜானா கட்ட வேண்டும். கஜானாவுக்கு எங்கிருந்து வரும்? இங்கேதான் இருவர் பேச்சும் சாராயத்துக்கு வந்து சேரும். ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார், பொது விற்பனை வரி என்று இந்தியாவில் அதுதான் முதல். கள்ளை விட்டு வரியைப் பிடித்தார்கள். 1971 ஆகஸ்ட் 30ஆம் தேதி மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டபோது அந்தச் சக்கரம் திரும்பிச் சுழன்றது. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவருகிற மாநிலங்களுக்கு உதவுவோம் என்ற மத்திய அரசு, ஏற்கெனவே கடைப்பிடிக்கிற எங்களுக்கு உதவ மறுக்கிறது என்று முதலமைச்சராக இருந்த கலைஞர் காரணம் சொன்னார். 92 வயது ராஜாஜி வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். 1974இல் கடைகளை மூடினார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது.

மாமாவின் தம்பி 1973இல் சாராயத்தில் போனான். இருபத்தெட்டு வயது. திண்ணையில் அதை மாமா ஒரே ஒருமுறைதான் சொன்னார். "கணக்கு எனக்குப் புரியுது அண்ணே. கலைஞர் சொன்ன காரணமும் புரியுது. வரவு எழுதுற பக்கத்துல எங்க தம்பியும் இருக்கான், அதையும் யாராவது எழுதணுமில்ல?" பெரியம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அதே மாமா கண் கலங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். காமராஜர் 1956இல் தொடங்கியதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பெரியப்பா சொல்ல, "யார் போட்டா என்ன அண்ணே, தட்டுல சோறு இருக்கு" என்றார்.

அவர்கள் பேசாத விஷயம் ஒன்று இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கூலி வேலை செய்த தலித் குடும்பங்களின் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். புது நெல் வயலில் குலுங்கியது, கூடுதலாக அரைப்படி கூலி கேட்டார்கள். மறு வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்து ஒரு மாலை அதைக் கேட்டேன். பெரியப்பாவின் ஆலைக்கு நெல் போட்டவர்கள் எல்லாம் மிராசுதார்கள். மாமா ஆட்சியில் இருந்த கட்சிக்காரர். இருவரும் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மூணு படிக்கு ஊர்வலம் போனோம். அரைப்படிக்கு யாரும் போகல" என்றார் மாமா. பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். காப்பி அன்று ஆறிப்போயிற்று.

1991இல் நாட்டின் தங்கத்தை வெளிநாட்டுக்கு ஏற்றி அடகு வைத்தார்கள், ரூபாயின் மதிப்பை மறுபடி குறைத்தார்கள் என்று பேப்பரில் வந்தபோது பெரியப்பாவுக்கு 66 வயது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "25 வருஷம் ஆச்சு தம்பி, அதே சேதி" என்றார். மாமாவுக்கு அதில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. "இப்ப அரிசி இருக்கு அண்ணே. அன்னைக்கு அது இல்ல. அதனாலதான் இப்ப இவங்களால தாங்க முடியுது." யோசித்துப் பார்த்து, பெரியப்பா ஒத்துக்கொண்டார். சுப்பிரமணியத்தின் பெயரை மாமா தன் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

பெரியப்பா 1996இல் போனார். ஆலையை அதற்கு முன்பே நிறுத்தியாயிற்று. மாமா மாலை ஆறு மணிக்கு வருவதை நிறுத்தவில்லை. பெரியம்மா காப்பி வைப்பாள், உள்ளே உட்காருவாள்.

2008 செப்டம்பரில் நான் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணா பிறந்தநாளான 15ஆம் தேதியிலிருந்து ரேஷனில் அரிசி கிலோ ஒரு ரூபாய். எழுபது வயதில் மாமா தானே பையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று வாங்கிவந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் திண்ணையில் வந்து பையை இறக்கினார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கொஞ்சம் பழுப்பு, ஒன்றிரண்டு கல். "41 வருஷம் ஆச்சுக்கா, இது நம்ம தெருவுக்கு வந்து சேர" என்றார். அண்ணன் இருந்திருந்தால் இது எந்தப் படி என்று கேட்டிருப்பார் என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு நான் கழியில கட்டிட்டுப் போன படி உங்க வீட்டுப் படிதான்" என்றார்.

அவர் மனைவி கொல்லைப்புறமாக நொய் வாங்க வந்தபோது கேட்டிருக்கிறாள். தையல்கடைக்காரர் வீட்டில் அப்போது ஒரு பித்தளைச் சாமான் மிச்சமில்லை, எல்லாம் அடகுக்கடையில் இருந்தது. பெரியம்மா துலக்கி, எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கல் பட்டு நசுங்கிய பிறகு, அன்று இரவே கொல்லைப்புறமாகத் திரும்பி வந்திருக்கிறது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரோன்னு முப்பது வருஷம் மனசுல வச்சிருந்தேன்க்கா. சொல்லாமலே இருந்துட்டேன்."

பெரியம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். அந்தத் திண்ணையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"தெரியாம என்ன? மறுநாள் காலையில நான் அரிசி அளந்துக்கிட்டிருக்கேன், பக்கத்துல வந்து நின்னாரு. படியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. 'உள்ள வாங்கியிருக்கு, அளவு குறையும். கொல்லைப்பக்கம் வர்றவங்களுக்கு அளக்கும்போது படிக்கு ஒரு பிடி சேத்துப் போடு'ன்னு சொல்லிட்டு ஆலைக்குப் போயிட்டாரு."